பருத்தி பாலாய்க் காய்த்த ஊர்

பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடாமல் மதுரையில் வெளியே சாப்பிட்டுக் காலம் தள்ள முடியுமா? தாராளமாக முடியும். ஒரு கணக்கு மட்டும் பிடிபட வேண்டும்: இந்த ஊரில் கடை ஏற ஏற நெய்யும் ஏறும். தள்ளுவண்டியில் எண்ணெய் மட்டும்தான் இருக்கும். தகரக் கூரை போட்ட கடைக்கு வந்தால் மோரும் தயிரும் எட்டிப் பார்க்கும். மேசை நாற்காலி போட்ட சைவ ஓட்டலில் பொங்கல் நெய்யில் மிதக்கும். ஏசி ஹாலுக்குப் போய்விட்டால் பனீர், வெண்ணெய், கிரீம் என்று மாட்டுத் தொழுவமே இலைக்கு வந்துவிடும். பால் பொருளுக்கு விலை அதிகம். கட்டுப்படி ஆகாது என்று வண்டிக்காரர் விட்டுவைத்ததெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு விருந்து.

விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத இந்தச் சாப்பாட்டுக்கு வீகன் என்று பேர். கைபேசியில் 'மதுரை, வீகன் உணவகம்' என்று தேடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிய வாய்ப்பில்லை. தேடினால் வருவது ஏசி ஹால்கள்தான். பருத்திப்பால் வண்டிக்கும் கூழ் வண்டிக்கும் இணையத்தில் முகவரி ஏது? இன்றைக்கு இந்த முனையில் நிற்பார், நாளைக்குப் போலீஸ் விரட்டினால் அடுத்த முனை.

நான் ஏன் பாலை விட்டேன் என்பதற்குத் தனியாக எழுத வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், சித்தப்பா வீட்டில் கறவை மாடுகள் உண்டு, எல்லாம் கலப்பினம். கிடேரி பிறந்தால் வீட்டுக்கு மகாலட்சுமி. காளைக்கன்று பிறந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், கொஞ்ச நாளில் வியாபாரியின் வண்டி வந்து நிற்கும். பக்கத்திலேயே அலங்காநல்லூர். வாடிவாசலில் அவிழ்க்கும் காளைக்கு ஊரே மாலை போடுகிறது, ஜெர்சிக் கன்றுக்குப் பெயர்கூட வைப்பதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஒரு வயதுக்குமேல் தயிர்சாதம் இறங்கவில்லை. அவ்வளவுதான். யாரையும் மாற்றுவது என் வேலை இல்லை. அம்மாவே இன்னும் மாறவில்லை.

முதலில் சைவ ஓட்டல். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம்பிப் போவதும், அதிகம் ஏமாறுவதும் அங்கேதான். சப்ளையரிடம், "அண்ணே, பால், நெய் எதுவும் சேராம என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்மகிட்ட எல்லாமே சுத்த சைவம் தம்பி" என்பார். "அது தெரியும்ணே, பாலே கூடாது" என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "சுகரா?" என்பார். "விரதமா?" என்பார். "கொள்கைண்ணே" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். போச்சு. அவர், கல்லாவில் இருந்த முதலாளி, எதிரே பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் என்று மூன்று பேரும் சேர்ந்து, பசு மனம் விரும்பித்தான் பால் தருகிறது என்று எனக்கு விளக்கினார்கள். அதற்குள் தோசை ஆறிவிட்டது. இப்போதெல்லாம் "ஒத்துக்காதுண்ணே, வயிறு கெட்டுரும்" என்றுதான் சொல்கிறேன். கொள்கை என்றால் விவாதம், ஒவ்வாமை என்றால் மரியாதை. சமையல்கட்டுவரை போய்க் கேட்டுவிட்டு வந்து, "சாம்பார்ல ஒண்ணும் இல்ல, நம்பிச் சாப்பிடுங்க" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போவார்கள்.

இட்லி, மெதுவடை, பூரி, இடியாப்பம், எண்ணெய் விட்டுச் சுட்ட தோசை, பொடி தோசை, இவற்றில் வம்பில்லை. மதுரைக்காரர்கள் பொடிக்கு நல்லெண்ணெய் கேட்பவர்கள், அதனால் நெய் வேண்டாம் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ரவா தோசை ஆகாது, மாவில் புளித்த மோர் சேர்ப்பது பல கடைகளில் வழக்கம். பொங்கல், கேசரி கிட்டவே போக வேண்டாம். அவியலில் தயிர், வெஜ் பிரியாணியில் தயிரும் நெய்யும், நாணில் தயிரோ பாலோ, கோபி 65 ஊறுவதும் சில இடங்களில் தயிரில். குருமா ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுத்தான் ஆக வேண்டும். மதியச் சாப்பாட்டில் ஆபத்து பருப்போடு வருகிறது. பருப்பு ஊற்றுகிறவருக்குப் பின்னாலேயே நெய்க்கிண்ணத்தோடு இன்னொருவர் வருவார். கேட்க மாட்டார், ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அவர் நம் வரிசைக்குத் திரும்பும்போதே இலைக்கு மேல் கையை விரித்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு ஃபில்டர் காபி கிடையாது, வரக்காப்பிதான். இந்த ஒரு இழப்பு மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. சுக்குமல்லிக் காப்பி, கருப்பட்டிக் காப்பி என்று ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். டிகிரி காபி வாசனை வரும் தெருவை நான் கொஞ்சம் வேகமாகவே கடக்கிறேன்.

இனி வண்டிகளுக்கு வருவோம். இந்தப் பதிவே அவற்றுக்காகத்தான்.

பருத்திப்பால். மதுரைக்கு வருகிறவர்கள் ஜிகர்தண்டாவைப் படம் பிடித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்தப் பக்கம் பெரிய பாத்திரத்தோடு நிற்கும் வண்டியை யாரும் கண்டுகொள்வதில்லை. பருத்திக்கொட்டை கறவை மாட்டுக்குப் போடும் தீவனம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊறவைத்து ஆட்டி வைத்தால் மாடு கூடுதலாகக் கறக்கும் என்பார்கள். அந்தக் கொட்டையை மாட்டுக்குப் போட்டு, பிறகு மாட்டைக் கறந்து, இடையில் கன்றை இழுத்துக் கட்டி, இந்தச் சுற்றுவழியெல்லாம் எதற்கு என்று நம் ஆட்கள் என்றைக்கோ கேட்டிருக்கிறார்கள். நேரே கொட்டையிலிருந்தே பால் எடுத்துவிட்டார்கள். பருத்தி புடவையாய்க் காய்த்தது என்று ஊரில் சொல்வார்கள். மதுரையில் அது பாலாகவே காய்த்திருக்கிறது. காய்க்கக் காரணமும் இருக்கிறது. தெற்கே அருப்புக்கோட்டை, விருதுநகர், கோவில்பட்டி என்று கரிசல் பூமி. ஊருக்கு நடுவே ரயிலடிக்குப் பின்னால் ஹார்வி மில். பஞ்சு நூலுக்குப் போனது, கொட்டை மாட்டுக்கும் மனிதனுக்குமாகப் பிரிந்தது.

எங்கள் பகுதியில் சாயங்காலம் வண்டி போடும் அண்ணனிடம் நின்று நின்று செய்முறையைத் தெரிந்துகொண்டேன். முந்தின நாள் ராத்திரியே கொட்டையை அலசி ஊறப்போட்டுவிட வேண்டும். காலையில் கிரைண்டரில் தண்ணீர் விட்டு ஆட்டி, துணியில் போட்டுப் பிழிந்தால் முதல் பால். சக்கையைத் திரும்ப ஆட்டினால் இரண்டாம் பால். கறுத்த தோல் முழுக்கத் துணியிலேயே நின்றுவிடும், அது திரும்ப மாட்டுக்கே போகிறது. பாலை அடுப்பில் ஏற்றிக் கொதி வந்ததும், ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். பால் கெட்டிப்படுவது இதனால்தான். அப்புறம் கருப்பட்டியைக் காய்ச்சி, மண் போக வடிகட்டிய பாகு. கருப்பட்டி விலை ஏறிவிட்டதால் பாதிக்குப் பாதி வெல்லம் என்று அவரே ஒளிக்காமல் சொல்வார். சுக்கு, ஏலக்காய், கொஞ்சம் சித்தரத்தை. "பச்ச வாடை போற வரைக்கும் கொதிக்கணும், கரண்டிய எடுத்தா அடிப்பிடிச்சிரும்" என்பார். இது ருசிக்காகச் சொல்வது மட்டும் இல்லை. பச்சைப் பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற நச்சுப்பொருள் உண்டு, அதை அடக்குவது சூடுதான். வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் அரைகுறையாகக் காய்ச்சி இறக்கிவிடக் கூடாது.

டம்ளரில் ஊற்றினால் இளம் மரநிறம். மேலே துருவிய தேங்காய் ஒரு பிடி, அதன்மேல் சுக்குப்பொடி ஒரு சிட்டிகை. முதல் வாயில் கொட்டையின் மண்வாசம் லேசாகத் தெரியும். பழகாதவர்கள் அங்கேயே முகத்தைச் சுளிப்பார்கள். இரண்டாவது வாயில் கருப்பட்டி வந்து அதை மூடிவிடும், தொண்டையில் சுக்கு இறங்கும். பாதிக்குமேல் குடிக்க முடியாது, ஸ்பூனால்தான் எடுக்க வேண்டும். அடியில் தேங்காய்ப்பூவும் மாவும் கலந்து கிடக்கும். என்னைக் கேட்டால் அந்த அடிப்பகுதிதான் பருத்திப்பால், மேலே குடித்ததெல்லாம் அதற்கு முன்னுரை. சளி பிடித்தவர்கள், தொண்டை கட்டியவர்கள், லாரி ஷெட்டிலிருந்து நேரே வருகிறவர்கள், பேரனைத் தூக்கிக்கொண்டு வரும் பாட்டிகள், இவர்கள்தான் வாடிக்கை. வீகன் என்று நான் சொன்னபோது அண்ணன், "அது எந்த ஊருப்பா?" என்றார்.

ஒரு எச்சரிக்கை. புதிதாக முளைத்திருக்கும் சில கடைகளில் கெட்டிக்கும் வெள்ளை நிறத்துக்கும் மாட்டுப்பாலையும் கலக்கிறார்கள். நிறம் வெளுத்திருந்தால் கேட்டுவிடுங்கள்.

காலையில் கூழ். கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ, பானையில் உருண்டையாகப் போட்டு வைத்திருப்பார்கள். ஆள் வந்ததும் ஒரு உருண்டையை எடுத்துச் சொம்பில் போட்டு, மோரை ஊற்றி, கையாலேயே கரைப்பார்கள். இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். எனவே வண்டியை நெருங்கும்போதே, "அக்கா, மோர் வேணாம், நீராகாரம் ஊத்திக் கரைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். பழைய சோற்றுத் தண்ணீரின் புளிப்பு, மோர் இல்லாத குறையே தெரியாமல் செய்துவிடும். சொல்லப்போனால் கம்புக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. அடுத்த கண்ணி தொட்டுக்கையில் இருக்கிறது. மோர் மிளகாய் பேரிலேயே தெரிந்துவிடும், தப்பிக்கலாம். சுண்டை வத்தல்? அதையும் மோரில் ஊறவைத்துத்தான் காயப்போடுகிறார்கள். கொத்தவரங்காய் வத்தல் சில கைகளில் உப்புத் தண்ணீர், சில கைகளில் மோர். வத்தக்குழம்பிலும் இதே சிக்கல்தான். கல்யாண வீட்டில் அது பாலே இல்லாத பதார்த்தம் என்று நம்பி ஒரு கட்டு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நான் வாய் திறப்பதில்லை. கூழுக்குச் சின்ன வெங்காயம், உப்பு போட்ட மாங்காய்க் கீற்று, பச்சை மிளகாய், இந்த மூன்றும் போதும். பக்கத்துத் தட்டில் நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்திருப்பார்கள், அந்தக் கரண்டி மாங்காய்க்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு. அக்காவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

மதியம் குட்டி யானை. டாடா ஏஸ் வண்டிக்கு யார் அந்தப் பெயர் வைத்தார்களோ, புண்ணியவான். பெரிய நகரங்களில் ஃபுட் ட்ரக் என்று கலர் விளக்கு போட்டு நிறுத்துகிறார்களே, அதற்கும் முன்பிருந்தே நம் சாலையோரங்களில் இது ஓடிக்கொண்டிருக்கிறது. பின்கதவை இறக்கினால் அதுவே மேசை, மேலே தார்ப்பாய், உள்ளே வரிசையாக எவர்சில்வர் அண்டாக்கள். கோர்ட் பக்கம், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ரிங் ரோட்டில் லாரி ஒதுங்கும் இடங்கள் என்று பன்னிரண்டு மணிக்கு வந்து நிற்கும், மூன்று மணிக்குத் துடைத்த அண்டாவோடு கிளம்பிவிடும். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், வக்கீல் குமாஸ்தாக்கள், உணவு டெலிவரி செய்யும் பையன்கள். ஆமாம், ஊருக்கெல்லாம் பட்டர் நாண் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் சாப்பிடுவது இங்கேதான்.

நான் வழக்கமாகப் போகும் வண்டியை ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். விடியக்காலை எழுந்து செல்லூரில் வீட்டிலேயே சமைத்து ஏற்றிக்கொண்டு வருவார்கள். எலுமிச்சை, புளி, தக்காளி, சாம்பார், தயிர் என்று ஐந்து சாதம். அதில் நான்கு எனக்கானது. அந்த நான்கில் சாம்பார் சாதத்தின் மேல் மட்டும் எனக்கு நீண்ட நாள் சந்தேகம். வீட்டில் செய்தால் கடைசியில் நெய் விட்டு இறக்குவோம் இல்லையா? கேட்டேன். அந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நெய்யா? நாப்பது ரூவாச் சோத்துக்கு நெய் ஊத்துனா, நான் வண்டிய வித்துட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான் தம்பி." நான் இந்தப் பதிவில் சொல்ல வந்ததை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அந்தப் புளிச்சாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புளிக்காய்ச்சலை முந்தின நாளே செய்துவிடுகிறார்கள். நல்லெண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டவிட்டு, வறுத்த வெந்தயமும் மல்லியும் பொடித்துப் போட்டு, சோற்றைப் பரப்பி ஆறவிட்டபிறகுதான் கிளறுவார்கள். சூட்டோடு கிளறினால் குழைந்துவிடுமாம். கடலைப்பருப்பு பல்லில் படும்போது நொறுங்க வேண்டும் என்பதற்காகத் தாளிதத்தைக் கடைசி நேரத்தில் வண்டியிலேயே வைத்துக் கொட்டுகிறார்கள். கூடவே உருளைக்கிழங்குப் பொடிமாஸ், ஒரு துவையல், அப்பளம். முட்டை பக்கத்து அடுப்பில் ஆம்லெட்டாகும், தோசைக்கரண்டி அதற்குத் தனி. தனியாக வைத்திருப்பது எனக்காக இல்லை, வெள்ளிக்கிழமைக்காரர்களுக்காக. வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கார்த்திகை என்று கவுச்சி தொடாதவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய ஒழுங்கில்தான் நான் குளிர்காய்கிறேன்.

கலர் விளக்கு போட்ட ஃபுட் ட்ரக்குகளும் அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் வந்துவிட்டன. மோமோ, பர்கர், லோடட் ஃப்ரைஸ். எதை எடுத்தாலும் மயோனைசும் சீஸும். 2025 ஏப்ரலில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. சரி, நமக்கு நல்லகாலம் என்று நினைத்தேன். முட்டையில்லா மயோனைஸ் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் பலவற்றில் பால் பொடி. பச்சைப் புள்ளி இதில் உதவாது. அது இறைச்சி, மீன், முட்டை இல்லை என்பதற்கு மட்டுமே உத்தரவாதம், பால் அதற்குள் அடக்கம். வீகன் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறையும் தனி முத்திரையும் கொண்டுவந்திருக்கிறது. பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்து, அதன்மேல் ஒரு குருத்து. மதுரைக் கடை அலமாரியில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது புதையல் எடுப்பதுதான். அநேகமாக ஏதாவது சோயா பால் டப்பாவில் இருக்கும், விலையைப் பார்த்ததும் திரும்ப வைத்துவிடலாம்.

கஃபேக்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு கஃபேயில் பாதாம் பாலில் காபி கேட்டேன். பையன் அடக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போனான். வந்தது மாட்டுப்பாலில் மஞ்சள் பாதாம் மிக்ஸ் பொடி கலந்து, அதில் டிகாக்‌ஷன் ஊற்றிய ஒரு பானம். அவன்மேல் தப்பில்லை. இந்த ஊரில் பாதாம் பால் என்றால் காலங்காலமாக அதுதான்.

ராத்திரிக்கு மதுரையில் கவலையே கிடையாது. தூங்கா நகரம் என்று சும்மா சொல்லவில்லை. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் பத்து மணிக்குமேலும் இட்லித்தட்டு ஆவி பறக்கும். தேங்காய், தக்காளி, மல்லி, மிளகாய் என்று சட்னி மாற்றி மாற்றி விழும். பரோட்டாவை மட்டும் நான் விட்டுவிட்டேன். டால்டாவும் எண்ணெயும் தாவரம்தான், ஆனால் மாவு பிசையும்போது பாலோ முட்டையோ சேர்த்தார்களா என்று மாஸ்டருக்கு மட்டுமே தெரியும். பன் பரோட்டா என்றால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு அதே கல்லில்தான் முட்டைப் பரோட்டாவும் கறி தோசையும். சைவச் சால்னா என்று சொல்லிக் கொடுப்பதன் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இல்லை.

ஜிகர்தண்டாவுக்கு வழியில்லை, சுண்டக் காய்ச்சிய பாலும் ஐஸ்கிரீமும்தான் அதன் உயிர். ஆனால் அதே கடையில் பாதாம் பிசினும் கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் இருக்கின்றன. பிசின் மரத்திலிருந்து வருவது, கடல்பாசி பேரிலேயே பாசி. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, "பால் இல்லாம, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு இதெல்லாம் போட்டுத் தாங்கண்ணே" என்று கேட்டால் போட்டுத் தருகிறார்கள். விலையைத்தான் என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். சித்திரைத் திருவிழாவில் நிலைமை இன்னும் சுலபம். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தெருவுக்குத் தெரு பந்தல். நீர்மோர் ஒரு பக்கம், பானகம் ஒரு பக்கம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, ஏலம் கரைத்த பானகத்துக்கு முன்னால் எந்தப் பாட்டில் பானமும் நிற்காது. அழகர்கோயில் தோசை கிடைத்தால் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அது நெய்யில் ஊறியது.

வெளியூர் கிளம்பும்போது மாட்டுத்தாவணிக் கடைகளைக் கவனியுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கோவில்பட்டி கடலைமிட்டாயும் ஒரே தட்டில் அடுக்கியிருக்கும். 2019-ல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 2020-ல் கடலைமிட்டாய்க்கும் கிடைத்துவிட்டது. எனக்கு இரண்டாவது போதும். சாத்தூர்ச் சேவும் கூட ஒரு கால் கிலோ. கண்ணில் பட்டால் சீரணி மிட்டாயும். அரிசியும் உளுந்தும் ஆட்டிய மாவை எண்ணெயில் பிழிந்து வெல்லப்பாகில் போட்டது, ஜிலேபிக்குக் கிராமத்துப் பங்காளி.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் வண்டிச் சாப்பாடு உடம்புக்கு நல்லதா என்று யாராவது கேட்டால், அப்படி நான் சொல்லவே இல்லை. பாமாயில் பாமாயில்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறார்கள். சோறும் மாவும் அதிகம், பருப்பும் காயும் குறைவு. சுண்டல் வண்டி அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். பி12 சத்து மட்டும் எந்த வண்டியிலும் கிடைக்காது, பருத்திப்பாலிலும் கிடையாது. பாலையும் விட்டுவிட்டால் மாத்திரையோ, சத்து சேர்த்த உணவோதான் வழி. டாக்டரிடம் சொல்லி ரத்தத்தில் அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது. இதைச் சொல்லாமல் வெறும் ருசியை மட்டும் எழுதுகிற வீகன் பதிவுகள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கடைசியாக, ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்பவர்கள் தெப்பக்குளத்துக்குப் போங்கள். வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே, திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நாலு கரையிலும் வண்டிகள். பட்டாணிச் சுண்டல், மசாலாப் பொரி, மரவள்ளிக் கிழங்கு, தை மாதம் என்றால் அவித்த பனங்கிழங்கு. பஜ்ஜியில் வாழைக்காய் நல்லது, காலிஃபிளவரைத் தவிர்க்கலாம். இதில் நான் தேடிப் போவது முள்ளுமுருங்கை வடை. பெயர்தான் வடை, பார்க்கப் பூரி. ஊறவைத்த அரிசியோடு முள்ளுமுருங்கை இலையை நரம்பு கிள்ளிப் போட்டு, மிளகு சீரகம் சேர்த்துக் கெட்டியாக ஆட்டுவார்கள். ஆட்டிய மாவு கரும்பச்சையாக இருக்கும். உருண்டையை எண்ணெய் தடவிய தாளில் வைத்துத் தட்டி எண்ணெயில் விட்டால், ஒரு மூச்சில் உப்பிக்கொண்டு மேலே வரும். எடுத்து வடியவிட்டு, சூடு இருக்கும்போதே பருப்புப்பொடியை மேலே தூவித் தருவார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து, கீரையின் இளங்கசப்பு. சளிக்கு நல்லது என்று இதற்கும் ஒரு பேர் உண்டு. எண்ணெய் புதிதாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும் என்றால் முதல் ஈட்டுக்குப் போங்கள். ஏழரை மணிக்குமேல் போனால் அந்த ஆத்தா மாவுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்.